துணிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு: ஃபேஷன் வணிகப் படிப்பு பற்றி ஒரு பாடம்



பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் அடிபடும் பெயர்கள் நான்கைந்துதான்: நர்சிங், பி.காம், இன்ஜினியரிங், ஆசிரியர் பயிற்சி. பெண்பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டால், "தையல் கற்றுக்கொள்ளட்டும்" என்று முடித்துவிடுகிறோம். ஆண்பிள்ளை படிக்கவில்லை என்றால் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடை, இல்லையென்றால் துபாயில் ஒரு ஜவுளிக்கடை. துணி நம் வாழ்வோடு ஒட்டிய தொழில்தான். ஆனால் அந்தத் தொழிலில் நாம் நிற்கும் இடம் தையல் மிஷின் பக்கமும் கவுண்டர் பக்கமும்தான். எந்தத் துணியை வாங்குவது, எத்தனை வாங்குவது, என்ன விலை வைப்பது, எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் மேஜைக்கு நம் பிள்ளைகள் அதிகம் போவதில்லை.

அந்த மேஜைக்குப் போக ஒரு படிப்பு இருக்கிறது. அதுதான் ஃபேஷன் வணிகம், ஃபேஷன் மேனேஜ்மெண்ட் என்று பல்கலைக்கழகங்களில் சொல்லப்படுவது. இந்த மாதப் பாடத்தில் அது என்ன, அதில் என்ன கற்றுத்தருகிறார்கள், சின்னசேலத்தில் இருந்து அதற்குப் போகும் வழி எது, பணத்துக்கு என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். நடுவில் இரண்டு சிறு கணக்குகளும் உண்டு. பேப்பர், பேனா எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

1. முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம்

ஃபேஷன் என்றாலே மேடையில் நடக்கும் மாடல்களும் அரைகுறை உடையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. "நம் பிள்ளைக்கு அந்த உலகம் வேண்டாம்" என்று பெற்றோர் சொல்வது அதனால்தான். அந்தக் கவலை புரிகிறது. ஆனால் மேடை என்பது இந்தத் தொழிலின் விளம்பரப் பகுதி மட்டுமே. நாம் உடுத்தும் கைலி, சேலை, சுடிதார், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, தொப்பி, புர்கா, காலில் போடும் செருப்பு எல்லாமே இந்தத் தொழிலுக்குள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் நூல் விலையைக் கணக்கிட்டிருக்கிறார். ஒருவர் ஆர்டர் பிடித்திருக்கிறார். ஒருவர் குறித்த தேதிக்குள் லாரியில் ஏற்றியிருக்கிறார்.

இதில் படிப்புகள் மூன்று வகை. உடையை வரைந்து வடிவமைப்பது டிசைன். அதைத் தொழிற்சாலையில் தைத்து முடிப்பது உற்பத்தித் தொழில்நுட்பம். வாங்குவது, விற்பது, விலை வைப்பது, சரக்கைக் கையாள்வது, வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது ஆகியவை வணிகம். நன்றாகப் படம் வரையத் தெரியாத பிள்ளையும் மூன்றாவது வகைக்குப் போகலாம். அதற்கு வேண்டியது கணக்கில் பயமின்மை, பேச்சில் தெளிவு, கவனிக்கும் கண்.

2. நம் கைலி சொல்லும் பாடம்

இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்பதை ஒரு பழைய வியாபாரக் கதையின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். அது தமிழ்நாட்டின் கட்டம் போட்ட துணியின் கதை.

சோழமண்டலக் கரையில் இருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணி பல நூற்றாண்டுகளாகக் கப்பல் ஏறியது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதை மலாய் நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகட்' என்று பெயர். பெலிகட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடுதான். ஐரோப்பியர் அதைப் புலிகாட் என்று அழைத்தார்கள். ஓர் ஊரின் பெயர் கடல் கடந்து ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. இன்று கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தேடும் 'பிராண்ட்' என்பது இதுதான்.

1958ல் இதே வகைத் துணி அமெரிக்கா போனது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கஜம் ஒரு டாலர் விலையில் மதராஸ் கட்டத்துணி வாங்கினார். பத்தாயிரம் கஜம். அதை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய உடைக் கம்பெனிக்கு விற்றார். அவர்கள் சட்டையாகவும் கோட்டாகவும் தைத்து விற்றார்கள். இயற்கைச் சாயம் போட்ட துணி என்பதால் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லியிருந்தார். ஜேக்கப்சன் அதை அடுத்தவருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். வாங்கியவர்கள் மிஷினில் போட்டுத் துவைத்தார்கள், சாயம் ஓடியது. புகார் குவிந்தது.

வழக்கு, நஷ்டஈடு என்று முடிந்திருக்க வேண்டிய விஷயம் வேறு வழியில் திரும்பியது. ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்தத் துணியைப் பற்றிப் பெரிய கட்டுரை வந்தது. கையால் நெய்தது, துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலந்து புது நிறம் காட்டும் என்று அதன் குணமே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. 'சாயம் போவது உறுதி' என்பதையே விளம்பர வாசகமாக்கினார்கள். துணிக்குத் தேவை கூடியது.

இந்த ஒரு கதைக்குள் ஃபேஷன் வணிகப் படிப்பின் பாடங்கள் பல இருக்கின்றன.

முதலாவது, கொள்முதல். கஜம் ஒரு டாலர் என்ற விலை எப்படி முடிவானது? நூல், சாயம், நெசவாளர் கூலி, கப்பல் கூலி, இறக்குமதி வரி எல்லாம் கழித்து யாருக்கு எவ்வளவு மிஞ்சியது?

இரண்டாவது, தகவல். பொருளைப் பற்றிய விவரமும் பொருளின் ஒரு பகுதிதான். இன்று சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் சிறு லேபிளில் துவைக்கும் முறை இருக்கிறது. அந்தச் சிறு துண்டுத் துணி இல்லாததால் ஒரு பெரிய வியாபாரமே கவிழப் பார்த்தது. சரக்கில் உள்ள குறையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நம் மார்க்கம் கற்றுத்தந்திருப்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, சந்தைப்படுத்துதல். அதே துணியை ஒருவர் குறையாகப் பார்த்தார், ஒருவர் குணமாகக் காட்டினார். உண்மையை மாற்றாமல், அதைச் சொல்லும் விதத்தை மாற்றினார்கள்.

நான்காவது, இலாபம் போய்ச் சேர்ந்த இடம். நெய்தவர் எவ்வளவு பெற்றார், கடையில் விற்றவர் எவ்வளவு பெற்றார்? துணியை உருவாக்குபவர் பெறுவதைவிட, அதற்குப் பெயரும் விலையும் வைப்பவர் பெறுவது அதிகம். நம் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

3. முதல் கணக்கு: வீட்டில் தைக்கும் புர்காவின் விலை

கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி வீட்டில் புர்கா தைத்து 900 ரூபாய்க்கு விற்கிறார். துணி 5 மீட்டர், மீட்டர் 120 ரூபாய், ஆக 600. நூல், பட்டன், லேஸ் 60. "660 ரூபாய் செலவு, 240 ரூபாய் இலாபம்" என்று அவர் நினைக்கிறார்.

இப்போது விட்டுப்போனதைச் சேர்ப்போம். மின்சாரமும் மிஷின் தேய்மானமும் 20. கவர், லேபிள் 15. பார்சல் அனுப்ப 65. மொத்தச் செலவு 760. மிச்சம் 140 ரூபாய். வெட்டித் தைத்து முடிக்க 4 மணி நேரம். அப்படியானால் மணிக்கு 35 ரூபாய். எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 280 ரூபாய். நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலியைவிட இது குறைவு.

அவருடைய உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் கூலி 240. அடக்க விலையே 1,000 ஆகிவிடும். 900க்கு விற்பதென்றால் ஒவ்வொரு புர்காவிலும் தன் கூலியில் இருந்து 100 ரூபாயை வாங்குபவருக்குக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இதற்குத்தான் 'காஸ்டிங்' என்று பெயர். கல்லூரியில் இது ஒரு தனிப் பாடம். விலையை உயர்த்துவது மட்டும் இதற்கு விடையல்ல. ஒரே நேரத்தில் பத்துப் புர்காவுக்கு மொத்தமாக வெட்டினால் நேரம் குறையுமா? துணியை ஈரோட்டில் தானாக எடுத்தால் மீட்டருக்கு எவ்வளவு குறையும்? 4 மீட்டர் 75 சென்டிமீட்டரில் அடங்குமாறு வெட்டுப்படத்தை அமைக்க முடியுமா? இப்படிக் கேள்வி கேட்டுச் செலவைக் குறைக்கக் கற்றுத்தருவதுதான் படிப்பு.

4. இரண்டாவது கணக்கு: பெருநாள் சரக்கு

ஒரு சிறிய ஜவுளிக்கடை ரமலானுக்கு 100 சுடிதார் வாங்குகிறது. வாங்கிய விலை 400, விற்கும் விலை 650. "ஒன்றுக்கு 250 வீதம் 25,000 ரூபாய் கிடைக்கும்" என்பது கடைக்காரரின் எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. பெருநாளுக்கு முன் 60 விற்றன: 39,000 ரூபாய். பெருநாள் முடிந்தபின் விலை குறைத்து 450க்கு 25 விற்றன: 11,250 ரூபாய். மீதி 15 அலமாரியிலேயே கிடக்கின்றன. வரவு 50,250. வாங்கிய செலவு 40,000. கையில் நின்றது 10,250.

அவர் 80 மட்டும் வாங்கியிருந்தால்? செலவு 32,000. முழு விலையில் 60, குறைத்த விலையில் 20. வரவு 39,000மும் 9,000மும் சேர்ந்து 48,000. கையில் நிற்பது 16,000. சரக்கு குறைவு, இலாபம் 5,750 ரூபாய் அதிகம்.

பெரிய கடைகளில் இந்த முடிவை எடுப்பவருக்கு 'பையர்' என்று பெயர். போன ஆண்டு எந்த அளவு, எந்த நிறம், எந்தத் தேதியில் போனது என்று பார்த்து இந்த ஆண்டு எத்தனை வாங்கலாம் என்று சொல்பவர் அவர். நம் ஊர்க் கடைக்காரர்கள் இதை அனுபவத்தில் செய்கிறார்கள். அந்த அனுபவத்தோடு எழுதிவைக்கும் பழக்கமும் கணக்கும் சேர்ந்தால் அதுவே பல்கலைக்கழகப் பாடம். கடை வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பெருநாளில் இருந்தே ஒரு நோட்டுப் போட்டுப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

5. மெர்ச்சண்டைசர் யார்?

இந்தப் படிப்பு முடித்தவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் சேரும் வேலை 'மெர்ச்சண்டைசர்' என்பது. திருப்பூரில் இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று 20,000 டி-ஷர்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கேட்பதைப் புரிந்துகொண்டு விலை சொல்வது, மாதிரி தைத்து அனுப்பி ஒப்புதல் வாங்குவது, நூல் வாங்குவதில் இருந்து பின்னல், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், பேக்கிங் வரை ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று அட்டவணை போடுவது, தாமதமானால் முன்கூட்டியே சொல்வது, கடைசியில் சரக்கைக் கப்பல் ஏற்றுவது வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரருடன் ஆங்கிலத்தில் மின்னஞ்சல். மறுபக்கம் சாயப்பட்டறைக்காரருடன் தமிழில் போன். நடுவில் கம்ப்யூட்டரில் கணக்கு. இந்த வேலையில் பெண்களும் நிறைய இருக்கிறார்கள்.

திருப்பூரில் இருந்து ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி ஆகிறது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஓர் ஊரில் இருந்துதான் போகிறது. அங்கே பின்னல் தொழிலைத் தொடங்கிவைத்த முன்னோடிகளில் ஒருவராக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுவது குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகரை. தோல், காலணித் துறையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முஸ்லிம் தொழிலதிபர்களின் பங்கு நாடறிந்தது. ஃபரிதா குழுமத்தின் மெக்கா ரஃபீக் அஹ்மத் அவர்களுக்கு 2011ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் மாவட்டத்துக்கும் இந்தத் தொழில் வந்துகொண்டிருக்கிறது. தைவான் நாட்டின் பவ் சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி காலணி நிறுவனம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 20,000 பேருக்கு வேலை என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. அந்த வேலைகளில் பெரும்பகுதி தையல், ஒட்டுதல் வேலையாக இருக்கும். ஆனால் திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, கொள்முதல், ஏற்றுமதி ஆவணம் என்று மேஜை வேலைகளும் இருக்கும். அவற்றுக்கு வெளியூர்க்காரர்கள்தான் வரப்போகிறார்களா, நம் கள்ளக்குறிச்சி மாவட்டப் பிள்ளைகளும் தயாராக இருப்பார்களா என்பது இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

6. நம் உடைக்கே ஒரு சந்தை

உடலை மறைத்து உடுத்தும் கண்ணியமான உடை இன்று உலகச் சந்தையில் தனிப் பிரிவு. துருக்கியில் 2011ல் தொடங்கிய மொடானிசா இந்த உடைகளை இணையத்தில் விற்றுப் பல நாடுகளுக்கு அனுப்பியது. 2016 ஜனவரியில் இத்தாலியின் டோல்சே அண்ட் கபானா அபாயா, ஹிஜாப் வரிசையை வெளியிட்டது. 2017ல் நைக்கி விளையாட்டு வீராங்கனைகளுக்கான ஹிஜாபைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முஸ்லிம்கள் உடைக்குச் செலவிடும் தொகை ஆண்டுக்கு ஏறக்குறைய 300 பில்லியன் டாலர் என்று இத்துறை அறிக்கைகள் மதிப்பிடுகின்றன.

இந்த உடையை அன்றாடம் உடுத்துபவர்கள் நம் பெண்கள். வெயில் காலத்தில் எந்தத் துணி புழுக்கும், பஸ்ஸில் ஏறும்போது எந்த வெட்டு காலைத் தடுக்கும், பள்ளி செல்லும் பிள்ளைக்கு எந்தப் பின் குத்தும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவைத் தொழிலாக மாற்றும் வித்தைதான் அவர்களிடம் இல்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் பெரும் வணிகராக இருந்தவர்கள் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அந்த வழியில் ஒரு பிள்ளை போக விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை.

7. எங்கே படிப்பது?

*நிஃப்ட்.* மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986ல் டெல்லியில் தொடங்கிய தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம். சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பின் நான்காண்டு டிசைன் படிப்புக்கு எந்தப் பிரிவு மாணவரும் போகலாம். உடை உற்பத்தித் தொழில்நுட்பப் பட்டத்துக்குக் கணிதம், இயற்பியல் படித்திருக்க வேண்டும். நாம் பேசும் வணிகப் படிப்பு 'மாஸ்டர் ஆஃப் ஃபேஷன் மேனேஜ்மெண்ட்'. இரண்டு ஆண்டு. எந்தப் பட்டம் முடித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆத்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம் முடித்த பெண்ணும் போகலாம். இதற்கு வரைதல் தேர்வு கிடையாது. கணக்கு, ஆங்கிலம், தர்க்கம், பொது அறிவு ஆகியவற்றில் எழுத்துத் தேர்வும் பின் நேர்காணலும் உண்டு. வழக்கமாக ஆண்டு இறுதியில் விண்ணப்பம் தொடங்கி பிப்ரவரியில் தேர்வு நடக்கிறது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஆகவே தமிழ் வழி மாணவர்கள் ஓராண்டு முன்பே ஆங்கிலம் படிக்கத் தொடங்க வேண்டும்.

*பி.டெக் ஃபேஷன் டெக்னாலஜி.* கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, குமரகுரு கல்லூரி, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் வழியாக இடம் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

*கோவை, திருப்பூர்.* கோவை பீளமேட்டில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் சர்தார் வல்லபாய் படேல் நிறுவனம் துணி, உடை, சில்லறை வணிகம் சார்ந்த இளங்கலையும் எம்.பி.ஏ.வும் நடத்துகிறது. திருப்பூரில் ஏற்றுமதியாளர்கள் சங்கத்தின் ஆதரவோடு 1997ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி, தொழிற்சாலைகளுக்கு நடுவிலேயே இருப்பதால் நேரடிப் பயிற்சிக்கு ஏற்றது.

*திருச்சி, சேலம், சென்னை.* திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியில் பெண்களுக்கு ஃபேஷன் டெக்னாலஜி இளங்கலை இருக்கிறது. சூழலைப் பற்றித் தயங்கும் பெற்றோர் முதலில் அதைப் பார்க்கலாம். சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் டிப்ளமோவும் பட்டமும் தருகிறது. நம் ஊருக்குப் பக்கம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் எஃப்.டி.டி.ஐ. என்ற மத்திய அரசுக் காலணி நிறுவனம் காலணிப் படிப்போடு சில்லறை வணிகம், ஃபேஷன் சரக்கு மேலாண்மைப் படிப்பும் நடத்துகிறது. உளுந்தூர்பேட்டையை மனதில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

'ஃபேஷன் இன்ஸ்டிடியூட்' என்று போர்டு மாட்டிய எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், கடந்த ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் நேரடியான பதில் கிடைத்த பிறகே பணம் கட்டுங்கள்.

8. பணம்

நிஃப்ட் போன்ற இடங்களில் நான்காண்டுப் படிப்புக்குச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும். இதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது சரியல்ல. ஆகவே குறைந்த செலவு வழியில் இருந்து வரிசையாக யோசிப்போம்.

முதலில், உள்ளூரிலோ பக்கத்திலோ அரசுக் கல்லூரியில் பி.காம் அல்லது பி.பி.ஏ. முடித்துவிட்டு, முதுகலையில் மட்டும் ஃபேஷன் மேனேஜ்மெண்ட் போவது. நான்காண்டுச் செலவு இரண்டாண்டுச் செலவாகிவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளையாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும்.

இரண்டாவது, ஒதுக்கீடு. தமிழக அரசின் இடங்களில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. 27 சதவீதம். இரண்டும் வேறு வேறு சான்றிதழ். மாநிலச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மத்திய நிறுவனத்துக்குப் போனால் இடம் கைநழுவிவிடும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிரீமி லேயரில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த நிதியாண்டுக்கே புதிதாக வாங்குங்கள். பிளஸ் டூ படிக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, கட்டணச் சலுகை. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்விக் கட்டணத்தில் உதவி தரும் திட்டங்கள் நிஃப்டிலும் பல கல்லூரிகளிலும் உண்டு. வருமானச் சான்றிதழோடு கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வெட்கப்பட வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவில் அந்த ஆண்டு நடைமுறையில் இருக்கும் உதவித்தொகைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது, நம் சமுதாயத்தின் கை. ஜகாத்தும் ஸதகாவும் பைத்துல்மாலும் அழகிய கடனும் இதற்குத்தான் இருக்கின்றன. ஒரு தையல் மிஷின் வாங்கித்தருவது நல்ல உதவி. அதே வீட்டுப் பிள்ளையின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைக் கட்டுவது அந்த வீட்டை அடுத்த படிக்கு ஏற்றும் உதவி. இரண்டையும் செய்ய முடியாத மஹல்லாக்கள், பக்கத்து மஹல்லாவோடு சேர்ந்து ஒரு பிள்ளைக்காவது பொறுப்பேற்கலாம்.

கடைசியில்தான் வங்கிக் கடனும் டாம்கோ கல்விக் கடனும். குறைந்த வட்டி என்றாலும் வட்டி என்பதால் பல குடும்பங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். உங்கள் நிலைமையை ஆலிம்களிடம் விவரமாகச் சொல்லி விளக்கம் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் மேலே சொன்ன நான்கு வழியையும் தட்டிப் பார்க்காமல் "பணமில்லை" என்று படிப்பை நிறுத்திவிட வேண்டாம்.

9. அந்த மேஜையில் உட்காருபவருக்கு ஒரு பொறுப்பு

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. ஆனாலும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டர் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே தைத்த உடைகள் மேலைநாட்டுக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நம் பக்கத்திலும் பாடம் உண்டு. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து விவசாயிகளைப் பாதித்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவைச் சுத்திகரித்து ஆற்றில் ஒரு சொட்டும் விடாமல் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அந்தச் செலவும் இப்போது உடையின் விலைக்குள் இருக்கிறது.

ஒரு சட்டைக்கு இன்னும் ஐந்து ரூபாய் குறை என்று கேட்பதும், இன்னும் பத்து நாள் முன்னதாகத் தா என்று கேட்பதும் மேஜையில் எடுக்கப்படும் முடிவுகள். அவை தொழிலாளியின் தூக்கத்திலும், சில நேரம் உயிரிலும் போய் முடிகின்றன. அளவிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும், உழைப்பவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அந்த மேஜையில் உட்கார்ந்தால், அந்தக் கேள்விகளை வேறு விதமாகக் கேட்கும். நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

10. இந்த மாதம் வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்: வீட்டில் உள்ள ஐந்து உடைகளின் உள் லேபிளைப் பார்த்து எந்த நாட்டில் தைத்தது, என்ன நூல், எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள்: வீட்டிலோ தெருவிலோ தைக்கும் ஒருவரிடம் உட்கார்ந்து ஓர் உடையின் உண்மையான அடக்க விலையைக் கணக்கிடுங்கள். அவருடைய நேரத்தையும் சேருங்கள்.

கல்லூரியில் படிப்பவர்கள்: நிஃப்டின் பழைய முதுகலை நுழைவுத் தேர்வுக் கேள்வித்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

பெற்றோர்கள்: சாதிச் சான்றிதழ், ஓ.பி.சி. சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய நான்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு கணவனும் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசுங்கள்: இந்தப் பிள்ளைக்குத் துணியில், கணக்கில், வியாபாரத்தில் ஆர்வம் இருக்கிறதா? இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். வேறு படிப்புகள் இருக்கின்றன. இருந்தால், "தையல் போதும்" என்ற இடத்தில் பேச்சை நிறுத்திவிட வேண்டாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் நம் குடும்பங்களின் ஹலாலான சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக.